ஹிமாலயன் 450: பழைய 411-ஐ விட்டு மாறலாமா, வேறு வண்டி பார்க்கலாமா?

2023 நவம்பரில் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 வெளிவந்தபோது, பெயரையும் முன்பக்கத்து 21 அங்குலச் சக்கரத்தையும் தவிர பழைய ஹிமாலயன் 411-லிருந்து ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. இன்ஜின், ஃபிரேம், சஸ்பென்ஷன், மீட்டர் எல்லாமே புதிது. காற்றும் எண்ணெயும் ஆற்றிவந்த இன்ஜின் இருந்த இடத்தில் ரேடியேட்டரும் கூலன்ட்டுமாக வேறொரு இன்ஜின். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. "411 போல முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் தானாக ஏறிப் போகிற வண்டி இல்லை இது" என்கிறார் ஒருவர். "பைபாஸில் லாரியைத் தாண்ட இனி இரண்டு கியர் குறைத்துக் காத்திருக்க வேண்டாம்" என்கிறார் அடுத்தவர். இருவர் சொல்வதும் சரி. முதலாமவர் மலைப்பாதைக் கல்லைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவர் அந்த மலைக்குப் போய்ச் சேரும் நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் வண்டி இந்த இரண்டில் எங்கே அதிக நேரம் ஓடுகிறது என்று நேர்மையாகக் கணக்கிட்டுவிட்டால் பாதி முடிவு கிடைத்துவிடும்.

இன்று கையில் பணத்தோடு நிற்பவருக்கு நான்கு வழிகள்: நல்ல நிலையில் உள்ள பழைய 411, புதிய 450, 2025 ஜனவரியில் முழுக்க மாற்றி வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர், எண்ணெய்க் குளிர்விப்பை விட்டுக் கூலன்ட்டுக்கு மாறிய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210.

அடி இழுவை போய்விட்டதா?

411-ன் பிஸ்டன் 78 மில்லிமீட்டர் விட்டம், 86 மில்லிமீட்டர் ஓட்டம் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்). விட்டத்தைவிட ஓட்டம் நீளம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற அளவு) 9.5. கிடைத்தது சுமார் 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). கனமான ஃப்ளைவீல், தாழ்ந்த முதல் கியர், மெதுவாகச் சுழலும் இன்ஜின் மூன்றும் சேர்ந்ததால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே கற்கள் கிடக்கும் ஏற்றத்தில் நடை வேகத்தில் ஏறும். கிளட்ச் பழகாதவருக்கும் அணையாது.

450-ல் 84 மில்லிமீட்டர் விட்டம், 81.5 மில்லிமீட்டர் ஓட்டம், 11.5 கம்ப்ரஷன், நான்கு வால்வு, இரட்டை கேம் ஷாஃப்ட், ஆறு கியர். 8,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 40 குதிரைத்திறன், 5,500-ல் 40 நியூட்டன் மீட்டர். உச்ச டார்க்கில் 90 சதவீதம் 3,000 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் 3,000-ல் 36 நியூட்டன் மீட்டர். 411-ன் உச்சத்தைவிட அதிகம். காகிதத்தில் அடி இழுவை, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது கிடைக்கும் இழுப்பு, கூடித்தான் இருக்கிறது. பிறகு ஏன் பழைய ஓட்டுநர்கள் குறைந்துவிட்டது என்கிறார்கள்?

அவர்கள் சொல்வது 3,000-க்குக் கீழே நடப்பதை. 1,500-க்கும் 2,500-க்கும் இடையில் 411 சலிக்காமல் இழுத்துக்கொண்டே போகும். 450 அங்கே உதறும். கொஞ்சம் சுமை ஏறினால் அணைந்தும் போகும். சுழலும் எடை குறைவு என்பதால் இன்ஜின் சட்டென்று ஏறுகிறது. அதே காரணத்தால் சட்டென்று இறங்கவும் செய்கிறது. இதற்கு மருந்து கையில்தான் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திணறவிடாமல் முதல் கியருக்கு இறங்குங்கள். இன்ஜினை 3,000-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு கிளட்ச்சைப் பாதி பிடித்துத் திரும்புங்கள். அசிஸ்ட் கிளட்ச் என்பதால் லீவர் இலகுவாகத்தான் இருக்கும், கை வலிக்காது. கொல்லிமலையின் 70 வளைவுகளையும் இப்படி ஓட்டிப் பார்த்தால் புகார் பெரும்பாலும் மறைந்துவிடும். புகார் மறையாதவர்களும் உண்டு: ஆற்றுப் படுகை, வழுக்கும் களிமண், நடை வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும் காட்டுப்பாதை, இவையே வாழ்க்கை என்றிருப்பவர்கள். அவர்களுக்கு 411-ன் குணம் உண்மையிலேயே ஓர் இழப்புதான். அதை யாரும் தள்ளிப் பேசத் தேவையில்லை.

டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஓட்டும் பழக்கமும் 411-லிருந்து 450-க்குக் கூடவே வருகிறது. அதை விட்டுவிட வேண்டும். 11.5 கம்ப்ரஷனில், வெயிலில், இருவர் அமர்ந்து, குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகினால் பெட்ரோல் நேரத்துக்கு முன் வெடித்து 'டக் டக்' என்று நாக்கிங் சத்தம் வரும். தரம் குறைந்த பெட்ரோல் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஒரு கியர் குறைத்தால் நின்றுவிடும். உயரமான மலையில் இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் அங்கே சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு. ஆபத்து சமவெளியில், மே மாதத்தில்.

நெடுஞ்சாலையும் கணவாயும்

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்குக் காற்றுதான் பெரிய எதிரி. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது: 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, தேவைப்படும் திறன் ஏறக்குறைய 3.4 மடங்கு. 24 குதிரைத்திறன் 120-ஐ ஒட்டித் தீர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். 411 நாள் முழுக்க நிம்மதியாக ஓடும் வேகம் 85, 90. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 100-ல் போனால் அது வேலை செய்துகொண்டே இருக்கும். முந்துவதற்குச் சேமிப்பில் ஒன்றும் இருக்காது. 450 அதே 100-ல் பாதித் திறனுக்கும் குறைவாகவே செலவிடும். லாரியைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் இந்த மிச்சம்தான் பாதுகாப்பு. இரண்டு வண்டிகளின் விலை வித்தியாசத்துக்கு ஒரே ஒரு நியாயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கணவாயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லடாக்கில் லேயை ஒட்டி சுமார் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 58 சதவீதம்தான். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அந்த விகிதத்தில் திறனை இழக்கும். 411-ன் 24 அங்கே 14 ஆகிவிடும். 450-ன் 40, 23 ஆகும். சென்னையில் 411 எப்படி இழுக்கிறதோ ஏறக்குறைய அப்படியே 450 கர்துங் லாவில் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஒருவர், இரு பக்கமும் பை என்று லே போகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

கூலன்ட் வந்ததால் கூடுவதும் குறைவதும்

"ரேடியேட்டர் இருந்தால் சிட்டி டிராஃபிக்கில் சூடு குறையும்" என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். இன்ஜினுக்குக் குறையும், காலுக்குக் குறையாது. சிக்னலில் நிற்கும்போது காற்றுக் குளிர்விப்பு இன்ஜினுக்கு ஆற்றிக்கொள்ள வழியே இல்லை. எண்ணெய் இளகும், டாப்பெட் சத்தம் கூடும், கியர் மாற்றுவது கரடாகும். கூலன்ட் இன்ஜின் தன் வெப்பநிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஃபேன் ஓடும், அந்தச் சூடான காற்று உங்கள் முழங்காலுக்குக் கீழே வந்து அடிக்கும். ஃபேன் ஓடுவது கோளாறு அல்ல. நெரிசலில் ஓடாமலே வெப்பநிலை எச்சரிக்கை எரிந்தால்தான் கோளாறு. அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் ஃபியூஸும் அதன் கனெக்டரும்.

கூலன்ட்டில் பலர் செய்யும் தவறுகள் நான்கைந்துதான், ஆனால் ஒவ்வொன்றும் செலவு வைக்கும். போர் தண்ணீர் ஊற்றுவது முதலாவது. உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும், அலுமினியம் அரிக்கும், லேயின் இரவில் உறைந்து விரிந்து இன்ஜினையே பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கடையில் கிடைப்பது கலந்து வந்ததா, கலக்க வேண்டியதா என்று டப்பாவில் படித்துப் பாருங்கள். நிறம் ஒத்துப்போகிறது என்று இரண்டு வகையை ஒன்றாக ஊற்றாதீர்கள். அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள் ஒன்றோடொன்று சேராமல் கூழ்போலத் திரளலாம். வழியில் வேறு எதுவும் இல்லையென்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். அதை ஊற்றிக்கொண்டு ஊர் வந்ததும் முழுதாக மாற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடி ஒரு சாதாரண மூடி அல்ல. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் கெட்டுவிட்டால், சென்னையில் தண்ணீர் 100-ல் கொதிக்கிறது என்றால் கர்துங் லாவில் 83-ஐ ஒட்டியே கொதித்துவிடும். ஊரில் ஒழுங்காக ஓடிய வண்டி கணவாயில் ஆவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய பயணத்துக்கு முன் மூடியின் ரப்பரைப் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். கூலன்ட் அளவை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, தனித் தொட்டியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் பார்க்க வேண்டும்.

வாட்டர் பம்ப் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் சொட்டினால் பம்ப் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். துளையை அடைத்துவிட்டால் கூலன்ட் எண்ணெய்க்குள் போகும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

சேறு காய்ந்து ரேடியேட்டர் இதழ்களுக்குள் அடைந்துகொண்டால் வெப்பம் வெளியேறாது. பிரஷர் வாஷ் துப்பாக்கியை நேராக அடித்தால் இதழ்கள் மடங்கும். ஹோஸ் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாக விடுங்கள். 21 அங்குலச் சக்கரம் எறியும் கல்லுக்கு ரேடியேட்டர் கார்டு அவசியம், ஆனால் கொசுவலை போல நெருக்கமான கம்பி வலை காற்றையே தடுத்துவிடும். மலைப் பயணத்துக்கு அரை லிட்டர் கலந்த கூலன்ட், எபாக்ஸி மாவு ஒரு பொட்டலம், இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு பிளையர். கல் பட்டு ஒரு குழாய் கிழிந்தால், இன்ஜின் ஆறியபின் அந்தக் குழாயை இரு பக்கமும் பிளையரால் நசுக்கி மடித்து எபாக்ஸி வைத்து மூடலாம். வொர்க்‌ஷாப் வரை தாங்கும்.

"411-ல் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, கிராமத்து மெக்கானிக்கே பார்ப்பார்" என்பதில் பாதிதான் உண்மை. ரேடியேட்டர் இல்லை, ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இருக்கிறது, சரி. ஆனால் 2017 முதல் வந்த 411-களிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சார்களும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவும் இருக்கின்றன. ஃபியூயல் பம்ப் செத்தால் இரண்டு வண்டியும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

பழைய 411 வாங்கப் போகிறவருக்கு

2016-ன் கார்புரேட்டர் மாடலைத் தவிர்ப்பது நல்லது. 2017-க்குப் பிந்தைய இன்ஜெக்‌ஷன் மாடல் பரவாயில்லை. 2020-ல் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிக்கான) மாடலில் பின் ஏபிஎஸ்ஸை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பை, அணைக்க முடியும். மண் சாலைக்கு அதுதான் வேண்டும். எடை 199 கிலோ. 450-ன் எடை 196 கிலோ என்பதையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழையது இலகுவானது என்ற எண்ணம் தவறு.

இந்த வண்டியின் பேர்போன பலவீனம் ஹேண்டில்பாரின் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'கடக்' என்று பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் பந்துகள் தடம் பதித்துவிட்டன. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள்; ஆட்டம் இருந்தால் இறுக்கம் போய்விட்டது. வெறுமனே இறுக்கிக் கொடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்பார்கள். தடம் பதிந்த பேரிங்கை இறுக்கினால் ஹேண்டில் இன்னும் மோசமாகும். டேப்பர் ரோலர் பேரிங் போடுவதுதான் தீர்வு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அதே ஸ்டாண்டில் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங் ஆர்ம் புஷ் பாருங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். மற்றவை கணீரென்று ஒலிக்கும்போது ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. ரிம்மின் ஓரத்தை விரலால் தடவிப் பள்ளம் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். எண்ணெய் அளவு கண்ணாடியின் கீழ்க்கோட்டில் இருந்தால், காற்றும் எண்ணெயும் ஆற்றும் இந்த இன்ஜினில் அதுவே கெட்ட அறிகுறி, ஏனென்றால் எண்ணெய் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும்.

காகிதத்தில் படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாக வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-ன் தடையில்லாச் சான்று. அதோடு தமிழ்நாட்டில் மீண்டும் சாலை வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதால் 'பெங்களூர் விலை' அநேகமாக மலிவாக முடியாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதங்களையும் பார்த்துவிடுங்கள்.

411-ஐ நிறுத்திவிட்டார்களே, பாகம் கிடைக்குமா என்ற பயத்துக்கு ஒரு பதில்: அதே குடும்ப இன்ஜின் 443 சிசி ஆகி, ஆறு கியருடன் 2025 ஜனவரியில் ராயல் என்ஃபீல்டின் ஸ்கிராம் 440-ல் வந்தது. காற்றுக் குளிர்விப்பே வேண்டும், பழைய வண்டி வேண்டாம் என்பவர்கள் அதையும் பார்க்கலாம். ஆனால் அதில் முன்சக்கரம் 19 அங்குலம். அது சாலையை நோக்கிச் சாய்ந்த வண்டி.

கேடிஎம்மும் எக்ஸ்பல்ஸும்

2025 கேடிஎம் 390 அட்வென்ச்சர் 399 சிசி, 46 குதிரைத்திறன், 39 நியூட்டன் மீட்டர், சுமார் 183 கிலோ. பிஸ்டன் 89 மில்லிமீட்டர் விட்டம், ஓட்டமோ வெறும் 64. இந்த விகிதமே குணத்தைச் சொல்லிவிடுகிறது: உச்ச டார்க் 6,500-ல்தான் வரும். சுழற்றி ஓட்டப் பிடித்தவருக்கு இந்தக் கூட்டத்தில் இதற்கு இணை இல்லை. சஸ்பென்ஷனை முன்னும் பின்னும் திருகிச் சரிசெய்யலாம். ஹிமாலயனில் பின்பக்க ஸ்பிரிங் இறுக்கம் மட்டும்தான் மாற்ற முடியும். டிராக்‌ஷன் கன்ட்ரோல், வளைவு ஏபிஎஸ், குயிக் ஷிஃப்டர், குரூஸ் கன்ட்ரோல் எல்லாம் உண்டு. 450-ல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. மலைச் சாலையைத் தனியாக வேகமாக ஓட்டுகிறவர் 450-ஐயும் இதையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தால் கேடிஎம்மைத்தான் எடுப்பார். இருவர், சுமை, மெதுவான கரடுமுரடு என்றால் 450-ன் 5,500-ல் வரும் 40 நியூட்டன் மீட்டர் குறைவான கியர் மாற்றத்தில் வேலையை முடிக்கும். விலை குறைந்த எக்ஸ் மாடலில் 19 அங்குல அலாய் சக்கரம். தார்ச் சாலையே கதி என்பவருக்குப் பொருத்தம்.

எக்ஸ்பல்ஸ் 210-ஐச் சிறிய வண்டி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 24.6 குதிரைத்திறன், அதாவது 411-ன் திறன், சுமார் 168 கிலோ எடையில். முன் 210, பின் 205 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் ஓட்டம். 450-ல் இரு பக்கமும் 200. பின்சக்கரம் 18 அங்குலம் என்பதால் மண்ணுக்கான டயர் தேர்வு அதிகம். சேற்றில் விழுந்த வண்டியைத் தனி ஆளாக மூன்றாம் முறை தூக்கும்போது அந்த 28 கிலோ வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ஆனால் டார்க் 20.7 தான். பின்னால் ஆள் ஏறிவிட்டால் ஏற்றத்தில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 411-ன் நிதானமும் இதில் இராது. தனியாகக் காட்டுப்பாதை கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நான்கில் இதுவே முதல் தேர்வு. 450-ஐ வாங்கி அதன் எடைக்குப் பயந்து மண்ணில் இறக்காமலே வைத்திருப்பவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான்.

டேங்க், ட்யூப், உயரம்

தண்டி பெட்ரோல் பம்பில் "அடுத்த பம்ப் 365 கிலோமீட்டர்" என்று இருந்த பலகை மணாலி-லே சாலையில் போனவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தத் தூரத்தை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். சுமையோடு, தாழ்ந்த கியரில் லிட்டருக்கு 25 என்று வைத்துக்கொண்டால் 450-ன் 17 லிட்டர் 425 கிலோமீட்டர் தரும். கேடிஎம்மின் 14.5 லிட்டர் 362-ல் முடிந்துவிடும், கேன் கட்டாமல் கிளம்ப முடியாது. 411-ன் 15 லிட்டர் 30 கொடுத்தால் 450 கிலோமீட்டர். எக்ஸ்பல்ஸின் 13 லிட்டர் 35 கொடுத்தால் 455. கேன் கட்ட 411-ல் டேங்க்கின் இரு பக்கமும் கம்பிச் சட்டம் உண்டு. முன்பக்கமே எடை ஏறுவதால் இரு பக்கமும் சமமாக ஏற்றுங்கள்.

450 முதலில் ட்யூப் டயருடன்தான் வந்தது. ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரம் 2024-ல் கூடுதல் விலைக்கு வந்தது. பழைய 450 பார்ப்பவர்கள் எந்தச் சக்கரம் என்று முதலில் கேளுங்கள். ட்யூப் இல்லாதது என்றால் பஞ்சரை வெளியிலிருந்தே திரி செருகிப் பத்து நிமிடத்தில் அடைக்கலாம். ட்யூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்: இரண்டு டயர் லீவர், ஆக்சிலுக்குச் சரியான ஸ்பேனர், ஒரு 21 அங்குல ட்யூப், காற்றடிக்கும் பம்ப். நெருக்கடியில் 21 அங்குல ட்யூப்பைப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு அடுத்த ஊர் வரை மெதுவாகப் போகலாம். மண்ணில் காற்றைக் குறைக்கும்போதும் ட்யூப் வண்டியில் கவனம் வேண்டும். மிகக் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ட்யூப் நசுங்கி இரட்டைப் பஞ்சர் ஆகும்.

சீட் உயரம்: 411-ல் 800 மில்லிமீட்டர், 450-ல் 825 (845 வரை ஏற்றலாம், குட்டை சீட் போட்டால் 805-க்கு இறங்கும்), கேடிஎம்மிலும் எக்ஸ்பல்ஸிலும் 830. உயரம் குறைந்தவர்கள் பின் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். தரை இடைவெளி குறையும், முன் ஃபோர்க்கின் கோணம் மாறி ஹேண்டில் கனமாகும். சீட்டை மாற்றுவதே சரி. 25 மில்லிமீட்டர் சமதளத்தில் ஒன்றுமே இல்லை; சாய்வில், பையோடு, பள்ளத்தின் பக்கம் கால் ஊன்ற நேரும்போது வண்டி சாய்வதும் நிற்பதும் அந்த 25-ல் இருக்கிறது.

விலை

வெளிவந்தபோது ஷோரூம் விலை 450-க்கு 2.69 லட்சத்தில் தொடங்கியது. 390 அட்வென்ச்சர் 3.68 லட்சம், எக்ஸ் மாடல் 2.91 லட்சம், எக்ஸ்பல்ஸ் 210 சுமார் 1.76 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. 350 சிசிக்கு மேல் 31 சதவீதமாக இருந்த மொத்த வரி 40 ஆனது. 350 மற்றும் அதற்குக் கீழ் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. எனவே பழைய விமர்சனங்களில் உள்ள விலையை நம்பாமல் இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். எக்ஸ்பல்ஸுக்கும் மற்ற இரண்டுக்கும் இருந்த இடைவெளி இந்த வரியால் இன்னும் அகன்றிருக்கிறது.

அந்தத் தொகையோடு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கிராஷ் கார்டு, ரேடியேட்டர் கார்டு, பை மாட்டும் ஸ்டே ஆகியவற்றைச் சேர்த்துக் கூட்டுங்கள். இதையெல்லாம் சேர்த்தபின் 450 கைக்கு எட்டவில்லையென்றால், கடனை நீட்டுவதைவிட நல்ல பிஎஸ்6 411-ஐயோ எக்ஸ்பல்ஸையோ எடுத்து மிச்சத்தைப் பாதுகாப்பு உடைக்குச் செலவிடுவது மேல். 411 ஏற்கெனவே வைத்திருந்து, மாதம் ஓரிரு முறை 90-ஐத் தாண்டாமல் மலைக்குப் போய் வருபவர் மாறவே வேண்டியதில்லை. கோன் செட்டை மாற்றி, நல்ல டயர் போட்டுக்கொண்டு ஓட்டலாம். மாற வேண்டியவர், பாதிக்கு மேல் நால்வழிச் சாலையில் ஓடுபவரும் பின்னால் ஆளோடு உயரம் ஏறுபவரும்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றி முடிவெடுக்காதீர்கள். பின்னால் உட்காரப்போகிறவரை அழைத்துப் போங்கள். நீங்கள் பயணத்தில் போடும் அதே பூட்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். மேம்பாலச் சாய்வில் முழுதாக நிறுத்தி, முதல் கியரில் ஆக்சிலரேட்டர் குறைவாகக் கொடுத்துக் கிளப்புங்கள். 450 அணைகிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரியும். நின்றபடி ஃபுட்பெக்கில் எழுந்து, நீங்கள் குனியாமலே ஹேண்டில் கைக்கு எட்டுகிறதா பாருங்கள். நெரிசலில் கால் மணி நேரம் ஓட்டி ஃபேன் சூடு தாங்குகிறதா என்று பாருங்கள். கூகுள் மேப் 450-ன் வட்டத் திரையில் உங்கள் போனோடு ஒழுங்காக இணைகிறதா என்பதையும் அங்கேயே சோதியுங்கள். அது வழி காட்டும்போது போன் சூடாகும், சார்ஜும் வேகமாக இறங்கும் என்பதால் யுஎஸ்பி கேபிளோடு போங்கள்.

பிறகு சர்வீஸ் கவுன்டருக்குப் போய் நான்கு பாகங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ரேடியேட்டர், கிளட்ச் கேபிள், முன் பிரேக் லீவர், கியர் லீவர். விழுந்தால் முதலில் உடைவதும் மடங்குவதும் இவைதான். இருப்பில் உண்டா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, உங்கள் ஊரிலிருந்து அந்த சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். கேபிளையும் இரண்டு லீவர்களையும் வண்டி எடுக்கும் நாளிலேயே வாங்கி, கேபிளைப் பழைய கேபிளோடு ஒட்டிய வாக்கில் டேப் சுற்றி வண்டியிலேயே கட்டி வைத்துவிடுங்கள். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பலாம்.